'பொனேர்' என்றால் வைப்பதா, போடுவதா? ஸ்பானிய வினைச்சொல் ஒன்றைப் பற்றி ஓர் ஐயம்

கீரைக்கட்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஸ்பெயினில் வலென்சியாவுக்கு வந்து பதினொரு மாதங்கள் ஆகின்றன. குறிப்பேட்டில் 'பொனேர்' என்ற வினைக்கு நேரே 'வைத்தல்' என்று ஒரே ஒரு பொருளை எழுதிவைத்திருக்கிறேன். வீட்டுக்கு வெளியே கால் வைத்தால் அந்தப் பொருள் எதற்கும் உதவுவதில்லை.

சென்ற சனிக்கிழமை மெர்க்காதோ சென்த்ரால் சந்தைக்குப் போனேன். 1928-இல் திறந்த பழைய சந்தை, இரும்பும் கண்ணாடியுமாக அத்தனை அழகு. காய்கறிக் கடை அம்மா என்னைப் பார்த்து, "கே தே பொங்கோ, ரெய்னா?" என்றார். ரெய்னா என்றால் ராணி. இங்கே கடைக்காரர்கள் பாசமாக அப்படித்தான் அழைப்பார்கள். ஆனால் 'பொங்கோ'? 'பொனேர்சே' என்றால் உடை அணிவது என்று முந்தின வாரம்தான் வகுப்பில் படித்திருந்தேன். "உனக்கு எதை அணிவிக்கட்டும்?" என்று கேட்கிறாரோ என்று விழித்தபடி நின்றேன். எனக்குப் பின்னால் ஆறு பேர் காத்திருந்தார்கள். கடைசியில் தக்காளியை விரலால் காட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று மாலையே மருந்துக்கடைக் கதவில் ஒட்டியிருந்த தாளைப் படித்துக்காட்டி, "அகீ பொனே கே சியெர்ரான் ஆ லாஸ் தோஸ்" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. இரண்டு மணிக்கு மூடுகிறார்கள் என்பது புரிந்தது. அங்கே பொனேர் எதற்கு? நான் முகம் வாடி நின்றதைப் பார்த்து அவரே, "நோ தே பொங்காஸ் அசீ, ஈஹா" என்று தோளைத் தட்டினார். அதிலும் அதே வினை!

இத்தனைக்கும் அடியில் ஒரே பொருள் இருக்கிறதா, அல்லது ஒவ்வொன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஏடு எழுதியது:

கீரைக்கட்டு அவர்களுக்கு வணக்கம். குறிப்பேட்டில் உள்ள 'வைத்தல்' என்பதை அடித்துவிட்டு 'போடு' என்று எழுதிக்கொள்ளுங்கள் அம்மா. பாதிக் கதவு திறந்துவிடும்.

உங்கள் கடைக்கார அம்மா கேட்டது, "என்ன போடட்டும்?" என்பதுதான். நம் ஊர்க் காய்கறிக் கடையில் தராசைக் கையில் எடுத்தபடி, "தக்காளி எவ்வளவு போட?" என்று கேட்பதில்லையா? அதேதான். நீங்கள் சொல்ல வேண்டியது: "போங்கமே மேதியோ கீலோ தே தொமாத்தேஸ்." அரைக் கிலோ தக்காளி போடுங்கள்.

கதவில் ஒட்டிய தாளும் அப்படியே. "இரண்டு மணிக்கு மூடுவார்கள் என்று போட்டிருக்கிறது" என்று நாம் சொல்கிறோம். பெரியம்மா சொன்னது அதன் சொல்லுக்குச் சொல். "கே பொனே என் எல் பெரியோதிகோ?" என்றால் "பேப்பரில் என்ன போட்டிருக்கிறது?" தாளில் எழுத்தைப் போடுவது என்ற எண்ணம் இரண்டு மொழிகளுக்கும் தனித்தனியே தோன்றியிருக்கிறது. ஆங்கிலத்தின் வழியாகப் போனால் இது பிடிபடாது.

இன்னும் பாருங்கள். ஊசி போடுவது: பொனேர் ஊனா இன்யெக்சியோன். அபராதம் போடுவது: பொனேர் ஊனா முல்தா. கோழி முட்டை போடுவது: பொனேர் உவேவோஸ். துணி துவைக்கும் இயந்திரத்தைப் போடுவது: பொனேர் லா லவதோரா. வானொலி, பாட்டு, தொலைக்காட்சி எல்லாவற்றையும் இங்கே போடுகிறோம், அங்கேயும் போடுகிறார்கள். ஆசிரியர் மதிப்பெண் போடுகிறார்: "கே நோத்தா தே ஆ புவெஸ்தோ?" நண்பர்கள் சேர்ந்து சாப்பிட்டுவிட்டு ஆளுக்கு ஐந்து யூரோ போடுகிறார்கள்: "பொனேமோஸ் சின்கோ எவுரோஸ் காதா ஊனோ." அரசு மக்கள் மேல் வரி போடுகிறது, வரிக்கு ஸ்பானியச் சொல் இம்புவெஸ்தோ, அதாவது 'மேலே போடப்பட்டது'. தெருவோரக் கடைக்குப் பெயர் புவெஸ்தோ. அங்கே ஒருவர் கடை போட்டிருக்கிறார்!

சாப்பாட்டு மேசையில் தட்டும் கரண்டியும் அடுக்குவது 'பொனேர் லா மேசா'. இந்த மேசை நம் மேசைதான். போர்ச்சுகீசியரிடமிருந்து தமிழுக்கு வந்த சொல். போர்ச்சுகீசிய மொழிக்கும் ஸ்பானியத்துக்கும் லத்தீன் தாய் என்பதால் இரண்டிலும் மேசா.

இதைவிட எனக்கு வியப்பூட்டுவது வேறொன்று. பொனேர், பொனேர்சே என்று இரண்டு இருக்கின்றன அல்லவா? அந்தச் 'சே' எதற்கு என்று வகுப்பில் அரை மணி நேரம் விளக்குவார்கள். நமக்கு ஒரு வரி போதும்: போடு, போட்டுக்கொள். குழந்தைக்குச் சட்டை போடுகிறேன்: லே பொங்கோ லா கமீசா. நான் சட்டையைப் போட்டுக்கொள்கிறேன்: மே பொங்கோ லா கமீசா. 'கொள்' வருகிற இடத்தில் 'சே'. செயலின் பலன் செய்தவரிடமே திரும்புகிறது.

'என் சட்டையை' என்று ஸ்பானியர் சொல்வதில்லை என்பதையும் கவனியுங்கள். நாமும் "சட்டையைப் போட்டுக்கொண்டு வா" என்றுதான் சொல்கிறோம். "உன் சட்டையை" என்று அழுத்தினால் யாருடையதையோ போட்டுக்கொண்டு வந்துவிட்டதாகப் பொருள்படும். ஆங்கிலம் படித்த பழக்கத்தில் நம் பிள்ளைகள் 'மி கமீசா' என்று எழுதி மதிப்பெண்ணை இழக்கிறார்கள். தமிழில் நினைத்திருந்தால் அந்தத் தவறே வந்திருக்காது. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

அணில் எழுதியது:

காப்பி போடுவதும் இதுதானா ஐயா?

பழைய ஏடு எழுதியது:

ஸ்பெயினில் ஆம். "மே பொனெஸ் உன் கஃபே?" என்று கேட்கலாம். ஒரு சிறு வேறுபாடு உண்டு. நாம் காப்பி போடுவது என்றால் தயாரிப்பது. அங்கே காப்பி பரிமாறுவதும் பீர் ஊற்றித் தருவதும் பழத்தை நிறுத்துத் தருவதும் எல்லாமே பொனேர். வீட்டில் காப்பி தயாரிப்பதைப் பெரும்பாலும் 'அசேர் கஃபே' என்பார்கள்.

மலைச்சாரல் எழுதியது:

ஸ்பெயினோடு ஸ்பானிய மொழி முடிந்துவிடவில்லை என்பதை நினைவூட்ட வந்தேன். நான் கொலம்பியாவில் மெதெயின் நகரத்தில் இருக்கிறேன். இங்கே "கே தே பொங்கோ?" என்று எந்தக் கடையிலும் கேட்டதில்லை. காப்பி வேண்டுமானால், "மே ரெகாலா உன் தின்தோ?" என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் "ஒரு கறுப்புக் காப்பியைப் பரிசளிக்கிறீர்களா?" ஆனால் காசு கொடுத்துத்தான் குடிக்க வேண்டும். (இதே தின்தோவை ஸ்பெயினில் கேட்டால் சிவப்புத் திராட்சை மது வரும், கவனம்.)

தாளில் என்ன போட்டிருக்கிறது என்பதற்கும் லத்தீன் அமெரிக்காவில் 'தீசே'தான்: என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். விளக்கைப் போடுவது இங்கே 'ப்ரெந்தேர் லா லூஸ்'. ஸ்பெயினில் பெரும்பாலும் 'என்சென்தேர்'. விளக்கு விஷயத்தில் பழைய ஏடு ஐயாவின் சாவி இரண்டு கரையிலும் திறக்காது.

முட்டை, மேசை, சட்டை, ஊசி, அபராதம் ஆகியவை எங்கும் பொனேர்தான். அர்ஜென்டினாவில் 'நீ போடுகிறாய்' என்பது 'பொனேஸ்' என்று கடைசி அசையில் அழுத்தம் பெறும். ஏவலில் 'பொன்' என்பதற்குப் பதில் 'பொனே'.

எண்பதடிச் சாலை எழுதியது:

மன்னிக்க வேண்டும், நான் மாறுபடுகிறேன். இப்படி ஒரு சொல்லுக்கு ஒரு சொல்லைப் பூட்டிவைப்பது ஆபத்து. ஸ்பானிய மொழித் திறனைச் சோதிக்கும் 'தெலே' என்ற தேர்வின் இரண்டாம் நிலைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். மாதிரிக் கட்டுரையில் 'சண்டை போட்டார்கள்' என்பதற்கு பொனேரை வைத்து ஒரு வாக்கியம் எழுதினேன். திருத்தியவர் சிவப்பு மையில் வட்டமிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார். பெலெயார் என்று தனி வினை இருக்கிறது.

தமிழில் போடு எங்கேதான் இல்லை? கோலம் போடுகிறோம், கணக்குப் போடுகிறோம், திட்டம் போடுகிறோம், வேடம் போடுகிறோம், தாழ்ப்பாள் போடுகிறோம், பழி போடுகிறோம், ஒரு தூக்கமும் போடுகிறோம். இவற்றில் ஒன்றுகூட பொனேர் அல்ல. புதிதாகப் படிப்பவரிடம் "பொனேர் என்றால் போடு" என்று சொல்லிவிட்டால் அவர் என்னைப் போலச் சிவப்பு வட்டம் வாங்குவார்.

பழைய ஏடு எழுதியது:

நீங்கள் சொல்வது சரி. நான் பாதியோடு நிறுத்தியது தவறு. மீதியை இப்போது சொல்கிறேன். உங்கள் பட்டியலிலேயே விடை இருக்கிறது.

பழி போடுவது: எச்சார் லா குல்பா. தாழ்ப்பாள் போடுவது: எச்சார் எல் செர்ரோஹோ. ஒரு தூக்கம் போடுவது: எச்சார்சே ஊனா சியெஸ்தா. கடிதத்தைத் தபால் பெட்டியில் போடுவது: எச்சார் ஊனா கார்த்தா. வயலுக்கு உரம் போடுவது: எச்சார் அபோனோ. ஐந்திலும் ஒரே வினை, எச்சார்! இது ஒழுங்கான வினை, புரட்டிப் பார்த்தாலும் எங்கும் உடையாது. எறிவது, ஊற்றுவது, வெளியே தள்ளுவது ஆகியவை இதன் அடிப்படை.

நம் 'போடு' என்ற ஒரே வீட்டில் இரண்டு ஸ்பானிய வினைகள் குடியிருக்கின்றன. பொருளை ஓரிடத்தில் நிறுத்தினாலோ, பொருத்தினாலோ, இயங்கவிட்டாலோ, குறித்தாலோ பொனேர். கையை விட்டுப் போனாலோ, விழுந்தாலோ, கொட்டினாலோ எச்சார். தபால் பெட்டியில் விழுந்த கடிதம் இனி உங்கள் கையில் இல்லை; அதனால் எச்சார். மேசைமேல் வைத்த தட்டு அங்கேயே இருக்கிறது; அதனால் பொனேர். கோலம், கணக்கு, திட்டம் போன்றவற்றில் நாம் ஒன்றை உருவாக்குகிறோம். அவை அசேரிடமோ தனி வினைகளிடமோ போய்விடும்.

எல்லைக்கோடு எல்லா இடத்திலும் கூர்மையாக இல்லை. குழம்பில் உப்புப் போடுவதற்கு இரண்டையும் கேட்கலாம். தொலைக்காட்சியில் என்ன படம் போடுகிறார்கள் என்பதற்கு ஸ்பெயினில் 'பொனென்' என்பாரும் உண்டு, 'எச்சான்' என்பாரும் உண்டு.

இன்னொரு திசையிலும் பார்க்க வேண்டும். நாம் 'வை' என்று சொல்லும் பலவும் பொனேரின் கீழ் வருகின்றன. குழந்தைக்குப் பெயர் வைப்பது, தேர்வு வைப்பது, கடை வைப்பது எல்லாம் அப்படியே. 'முற்றுப்புள்ளி வை' என்பதும் 'பொனேர் பூந்தோ ஃபினால்' என்று பொருளிலும் உவமையிலும் ஒன்றாக நிற்கிறது.

எண்பதடிச் சாலை எழுதியது:

எறிவது, நிறுத்துவது என்ற இந்தப் பிரிவை யாராவது எனக்கு ஆறு மாதங்களுக்கு முன்பே சொல்லியிருக்கலாம். நன்றி ஐயா. சுவரில் எழுதி ஒட்டிவிட்டேன்.

உவமை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 'பொனேர் எல் தேதோ என் லா யாகா' என்றால் புண்ணில் விரலை வைப்பது. 'வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது' என்று நான் மொழிபெயர்த்துவிட்டேன். அது தவறு. ஸ்பானியர் அதைக் கொடுமை என்ற பொருளில் சொல்வதில்லை. சிக்கலின் சரியான இடத்தைத் தொட்டுக்காட்டுவது என்பதே பொருள். பல நேரம் பாராட்டாகவே வரும்.

மலைச்சாரல் எழுதியது:

'பொனேர் லா மானோ என் எல் ஃபுவேகோ' என்றும் உண்டு. ஒருவருக்காக நெருப்பில் கையை வைப்பேன் என்பது. அவர் குற்றமற்றவர் என்பதில் அத்தனை உறுதி. கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யும் நம் ஊர் வழக்கத்தை நினைத்தால் உடனே புரியும். அங்கும் பழங்காலத்தில் நெருப்பைத் தொட்டு உண்மையைச் சோதித்திருக்கிறார்கள்.

அணில் எழுதியது:

பொருள் புரிகிறது. வடிவங்கள்தான் என்னை அழவைக்கின்றன. பொங்கோ, பொனெஸ், பூசே, பொந்த்ரே, புவெஸ்தோ. ஒரே வினை என்று எப்படி நம்புவது?

பழைய ஏடு எழுதியது:

ஒவ்வொன்றாகப் பார்ப்போம் தம்பி. நிகழ்காலத்தில் 'நான்' மட்டும்தான் முரண்டு பிடிக்கும்: பொங்கோ. தெங்கோ, வெங்கோ, சால்கோ, வால்கோ எல்லாம் இதே குடும்பம். ஐந்தையும் சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள். இந்த 'கோ'விலிருந்துதான் பொங்கா, பொங்காஸ் என்ற விழைவு வடிவங்கள் பிறக்கின்றன. பெரியம்மா சொன்ன 'நோ தே பொங்காஸ்' அங்கிருந்து வந்தது. மரியாதை ஏவலான 'போங்கமே'யும் அதே இடம்தான்.

ஒருமை ஏவல் 'பொன்'. தங்கம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 'பொன்தே எல் அப்ரீகோ' என்றால் மேல்கோட்டைப் போட்டுக்கொள்.

எதிர்காலத்தில் ஒரு 'த்' எங்கிருந்தோ நுழைகிறது என்று பலர் குழம்புகிறார்கள். பொனேரே என்று இருந்திருக்க வேண்டியது. நடுவில் உள்ள 'ஏ' விழுந்ததும் ன், ர் இரண்டும் மோதிக்கொண்டன. நாக்கு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது இடையில் ஒரு தகர ஒலி தானே பிறந்தது: பொந்த்ரே. 'ஒன்று', 'கன்று', 'என்று' ஆகியவற்றை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். றகரத்துக்கு முன்னால் எழுத்தில் இல்லாத ஒரு டகர ஒலி கேட்கிறதா இல்லையா? அதே நாக்கு, அதே மோதல். தெந்த்ரே, வெந்த்ரே இரண்டும் இப்படி வந்தவையே. இடைக்கால ஸ்பானியத்தில் ஒலிகளை இடம் மாற்றி 'பொர்னே' என்றும் எழுதியிருக்கிறார்கள்; அந்த வடிவம் பின்னர் வழக்கொழிந்துவிட்டது.

இறந்தகாலம் பூசே, பூசிஸ்தே, பூசோ, பூசிமோஸ், பூசியெரோன். பொசுயி என்ற லத்தீன் வடிவத்தின் வழித்தோன்றல்கள். பூசே, பூசோ இரண்டிலும் அழுத்தம் முதல் அசையில் விழும் என்பதை மறக்க வேண்டாம். புவெஸ்தோ, லத்தீனின் பொசித்தூம் தேய்ந்து வந்தது.

ஒன்றைக் கற்றால் ஒரு படையே உங்கள் பின்னால் வரும். ப்ரொபொனேர், கொம்பொனேர், சுபொனேர், திஸ்பொனேர், இம்பொனேர் எல்லாம் இதே வாய்பாட்டில் நடக்கும்: ப்ரொபொங்கோ, ப்ரொபூசே, ப்ரொபுவெஸ்தோ. 'பொஸ்பொனேர்' என்பது நம் 'ஒத்திப்போடு', பின்னால் போடுவது. "எல் ஓம்ப்ரே ப்ரொபொனே, இ தியோஸ் திஸ்பொனே" என்று ஒரு பழமொழி உண்டு. நாம் ஒன்று நினைக்கத் தெய்வம் ஒன்று நினைக்கும் என்பதே அது. மனிதனுக்கு ஒரு பொனேர், கடவுளுக்கு ஒரு பொனேர்.

கீரைக்கட்டு எழுதியது:

படிக்கப் படிக்க மனம் நிறைகிறது. ஆனால் 'நோ தே பொங்காஸ் அசீ' இன்னும் மிச்சம் இருக்கிறது ஐயா. அங்கே எதைப் போட்டுக்கொள்ள வேண்டாம் என்கிறார்?

எண்பதடிச் சாலை எழுதியது:

இதற்கு நான் பதில் சொல்லலாமா? இது தேர்வில் அடிக்கடி வரும் பகுதி.

ஒரு மனநிலைக்குள் போவதையும் பொனேர்சேயால் சொல்கிறார்கள். மே பூசே நெர்வியோசா: எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. சே பூசோ ரோஹோ: அவன் முகம் சிவந்துவிட்டது. இவை வந்து போகும் நிலைகள். உங்கள் பெரியம்மா சொன்னது, "இப்படி ஆகிவிடாதே மகளே", அதாவது இதற்கெல்லாம் மனம் வாடாதே என்பது. மாற்றம் நிலைத்துவிட்டால் வோல்வெர்சே. முயன்று ஒன்றாக ஆனால் அசெர்சே: மருத்துவர் ஆனான் என்பது 'சே ஈசோ மேதிகோ', அங்கே பொனேர்சே வரவே வராது. ஒன்று நடந்து முடிந்து விட்டுச்சென்ற நிலைக்குக் கெதார்சே: சே கெதோ வியூதோ, மனைவியை இழந்தான். இந்த நான்கையும் தமிழில் 'ஆகு' ஒன்றே சுமக்கிறது. இங்கே போடு உதவாது.

'பொனேர்சே ஆ' என்று வந்து அடுத்து ஒரு வினை வந்தால் அந்தச் செயலில் இறங்குவது. சே பூசோ ஆ யோரார்: அழத் தொடங்கினாள். 'பொன்தே ஆ எஸ்துதியார்' என்று அம்மாக்கள் பிள்ளைகளிடம் சொல்வதை நம் அம்மாக்கள் "படிக்க உட்கார்" என்பார்கள்.

மலைச்சாரல் எழுதியது:

சூரியனை விட்டுவிட்டீர்கள். எல் சோல் சே பொனே. சூரியன் தன்னையே கிடத்திக்கொள்கிறது. சூரியன் மறைவது புவெஸ்தா தே சோல், மேற்குத் திசை பொனியெந்தே. பழந்தமிழின் 'படுஞாயிறு' எனக்கு நினைவுக்கு வருகிறது.

கீரைக்கட்டு, உங்கள் ஊரில் பொனியெந்தே என்றால் திசை மட்டும் இல்லையே?

கீரைக்கட்டு எழுதியது:

ஆம், காற்று! ஜூலையில் "ஓய் ஆய் பொனியெந்தே" என்று சொல்லிச் சன்னல்களை மூடுவார்கள். மேற்கே உள்ள மேட்டுநிலத்திலிருந்து இறங்கி அனலாக வீசும். கடல் பக்கத்தில் இருந்தும் உடம்பு காய்ந்துபோகும். ஸ்பெயினின் தென்மேற்குக் கரையில் உள்ள காதிஸ் பக்கத்தில் இதே பெயருள்ள காற்று அட்லாண்டிக்கிலிருந்து குளிர்ச்சியாக வரும் என்று வகுப்புத் தோழி சொன்னபோது நான் நம்பவில்லை. அது வெறும் 'சூரியன் படும் திசைக் காற்று' என்பது இப்போதுதான் புரிகிறது.

அணில் எழுதியது:

அக்கா, மறுபடியும் அந்தக் கடைக்குப் போனீர்களா?

கீரைக்கட்டு எழுதியது:

இன்று காலை போனேன். அதே அம்மா. "கே தே பொங்கோ, ரெய்னா?" என்று கேட்டார். "போங்கமே மேதியோ கீலோ தே தொமாத்தேஸ்" என்றேன். தடுமாறாமல் வந்தது. பிறகு வெங்காயம், ஒரு சுரைக்காய். அங்கிருந்து மீன் வரிசைக்குப் போய் இரண்டு அயிலை மீன் வாங்கினேன். மீன்காரர் தாளில் சுற்றிக்கொண்டே, "தே பொங்கோ பெரெஹில்?" என்றார். பெரெஹில் என்றால் பார்ஸ்லி என்னும் கீரை. மீன் வாங்கினால் ஒரு கொத்தை இலவசமாக வைப்பது இங்கே வழக்கமாம். எங்கள் தெருவில் காய் வாங்கி முடித்ததும், "கறிவேப்பிலை போடட்டுமா?" என்று கேட்டு ஒரு கொத்தைப் பைக்குள் செருகும் ஆத்தாவின் குரல் அப்படியே காதில் விழுந்தது. "சீ, போங்கமே" என்றேன். கொசுறாக இரண்டு கொத்து போட்டார்.